கூலி என்றால் யார்?

கொட்டிவாக்கத்தில் வீடு கட்டும் ஒரு கனவான், பேசின பணத்தைக் கேட்ட சித்தாளம்மாளைப் பார்த்து, "ஒரு கூலிக்கு இவ்வளவு திமிரா?" என்று சீறினதை நேரில் கேட்டேன். தோழர்களே! அந்தக் கனவான் தமிழர்தான். ஆனால் அவர் வாயில் வந்தது தோட்டத் துரையின் பாஷை.

தமிழில் கூலி என்பதற்கு முதற்பொருள் ஆள் அல்ல. ஆளுக்குச் சேரவேண்டிய பணம் அல்லது நெல். தெய்வத்தால் ஆகாத இடத்திலும் உடம்பை வருத்தினவனுக்குப் பலன் உண்டு என்று சொல்ல வந்த வள்ளுவர், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் இந்தச் சொல்லையேதான் எடுத்தார்.

பிற பாஷைகளைப் பாருங்கள். துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. குஜராத்தில் 'கோலி' என்பது ஒரு சாதியின் பெயர். வெளியிலிருந்து போன கூலி என்ற சப்தத்தைச் சீனர்கள் இரண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். ஒன்றுக்குக் கசப்பு, மற்றதற்குப் பலம் என்று அர்த்தம். அனுபவித்தவன் எழுதினது போலிருக்கிறது! ஆங்கிலத்துக்கு இச்சொல் கோலியிலிருந்து போயிற்றா, நம் கூலியிலிருந்து போயிற்றா என்று அகராதிக்காரர்கள் வழக்காடுகிறார்கள். ஆடட்டும்.

நமக்கு வேண்டிய சங்கதி வேறு. 1833-ல் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டம் செய்த பிரிட்டிஷாரின் கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரிஷியசுக்கும், 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தின் பேரில் ஜனங்களை ஏற்றினார்கள். கொடுக்கவேண்டிய பணத்தின் பெயரை, வாங்கவேண்டியவன் தலையிலேயே கட்டினார்கள். அப்புறம் அது தொழிலுக்குக்கூடப் பெயரில்லை, தோலுக்குப் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியாரையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள் என்றால், கரும்பு வெட்டினவன் கதியைக் கேட்பானேன்? அந்த வசவைத்தான் நாமும் இரவல் வாங்கி நம் வேலையாட்கள் மேல் வீசுகிறோம்.

நிற்க. 2016-ம் வருஷ ரயில்வே பட்ஜெட்டில் மந்திரி சுரேஷ் பிரபு, கூலி என்ற பெயரை நீக்கி 'சகாயக்' என்று வைத்தார். உதவியாளர் என்று பொருளாம். சந்தோஷம். ஆனால் லைசென்ஸ் வில்லை கட்டி மூட்டை தூக்குகிற அந்தத் தோழருக்கு ரயில்வே மாதச் சம்பளம் கொடுப்பதில்லை; பிரயாணி கொடுப்பதுதான் வரும்படி. பெயரிலிருந்து எடுத்த கூலியைப் பையிலாவது போட்டிருக்கலாம்.

கொட்டிவாக்கத்துச் சித்தாளம்மாள் அழவுமில்லை, ஓடவுமில்லை. "ஆமாய்யா, அந்தக் கூலியைத்தான் கேக்குறேன். குடுங்க" என்று கையை நீட்டினார். கனவான் பாதியைக் கொடுத்தார். பாக்கி சனிக்கிழமையாம்.