பிடிப்பவர்களுக்காகப் பாடுவது யார்?

கபடியில் எதிரணிக் களத்துக்குள் ஏறிச் செல்பவரைப் 'பாடிப் போகிறவர்' என்று சொல்வது நம் ஊர்ப்பக்க வழக்கு. பாட்டு அவருடையது, மூச்சு அவருடையது, அந்த முப்பது நொடியும் அவருடையது. எதிரே கைகோத்து நிற்கும் எழுவருக்கோ இவ்வளவு அழகான பெயர் எதுவும் வாய்க்கவில்லை. தொலைக்காட்சி 'டிஃபெண்டர்' என்கிறது. நாளிதழ் 'தடுப்பாட்டக்காரர்' என்கிறது. மேலூர்ப் பக்கத்து மாணவனைக் கேட்டால் 'பிடிக்கிறவன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். பிடிப்பவருக்கே இந்நிலை என்றால், பிடிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு என்ன பெயர் இருந்துவிடப் போகிறது? இந்தப் பெயரின்மை தற்செயலானதன்று, நம் வீரக் கற்பனையின் அடியிலேயே இதற்கு வேர் இருக்கிறது என்பது எம் எண்ணம். இலக்கியம் பேசுகிற இடத்தில் கபடி எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

முதலில் தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடப்படும் அந்நாட்டுக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்தன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், பதினொருவர் மீது பதினொருவர் மோதியும் ஆடும் ஆட்டம் அது. அதில் தற்காப்பின் முன்வரிசையில் நிற்பவர்கள் மூவர் அல்லது நால்வர். அவர்களைப் பழக்குவதற்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். அவ்வாறு வாழ்நாளையே அந்த வரிசைக்குத் தந்தவர்களுள் லாரி ஜான்சன் குறிப்பிடத்தக்கவர். 1996 முதல் 2013 வரை பென் மாநிலப் பல்கலைக்கழகம்; பின்னர் 2014 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். ஜோயி போசா, நிக் போசா, சேஸ் யங் என்று தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றவர்கள் அவர் கைப்பட்டு வளர்ந்தவர்கள். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பென் மாநிலத்தில் தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியானபோது, இடைக்காலத்துக்கு அதை ஏற்று நடத்தியவரும் அவரே. ஆனால் நிலையான பதவி வெளியிலிருந்து வந்தவருக்குப் போயிற்று. அவர் ஊர் மாறினார், வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. மீண்டும் அதே முன்வரிசைதான். அங்கும் இத்தகையோர் தலைமைப் பயிற்சியாளரின் நிழலில் நிற்பவர்களே என்றாலும், அந்த வேலைக்கு ஒரு பெயரும் சம்பளமும் வரலாறும் உண்டு.

நம் பக்கம் திரும்பினால், ஒரு கல்லூரிக்கு ஓர் உடற்கல்வி இயக்குநர் என்பதே வழக்கமான ஏற்பாடு. ஓட்டம், குண்டெறிதல், கைப்பந்து, கபடி, ஆண்டு விழாவன்று கொடி கட்டுவது வரை எல்லாம் அவர் தலையில். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கணுக்காலை எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்பதைத் தனியே உட்காரவைத்துச் சொல்ல அவருக்கு நேரமேது? அதை மாணவன் ஊரிலிருந்தே கற்று வருகிறான். கோயில் கொடையிலும் பொங்கலிலும் விளக்குக் கட்டி விடியவிடிய நடக்கும் ஆட்டங்களில், கோட்டுக்கு வெளியே குத்தவைத்துக் கத்திக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு முன்னாள் ஆட்டக்காரரிடமிருந்து. மறுநாள் முதல் பாடவேளையில் அவன் தூங்கிவிழுவதைப் பார்த்திருக்கிறோம். ஐங்குறுநூற்றை விட முக்கியமான ஒன்றை அவன் முந்தைய இரவில் படித்திருக்கக்கூடும் என்று தோன்றியதால், எழுப்பாமல் விட்டதும் உண்டு.

தமிழகத்தில் இந்த வாழ்க்கைக்கு உரு கொடுத்துக் காட்டியவர் என்று நாம் சொல்லக்கூடியவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்காரர், 1975இல் பிறந்தவர், பிடிப்பவர். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது, பிற ஆட்டக்காரர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது அவருக்கு. பெங்களூரு அணியில் களம் இறங்கினார். 2016 ஜூலையில் பாட்னா அணி கோப்பை வென்றபோது அதன் தலைவர் அவர். அடுத்துப் புனே, மும்பை, ஹரியானா என்று ஆண்டுக்கொரு நகரம். 2021இன் இறுதியில் தொடங்கிய எட்டாவது பருவத்தில் ஜெய்ப்பூருக்காகக் களம் கண்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. உடன் ஆடியவர்களில் சிலர், அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் பிறந்தேயிராதவர்கள். வடநாட்டு இளைஞர்களும் அவரை 'அண்ணா' என்று தமிழிலேயே அழைத்தார்கள். அந்த விளி வெறும் மரியாதையன்று என்று கருதுகிறோம். களத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பக்கத்தில் நிற்பவனை இழுத்தும் தள்ளியும் இடம் மாற்றி நிறுத்தியும் பழக்கியவருக்கு அவர்கள் இட்ட பதவிப்பெயர் அது.

2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக்கோப்பையை நினைத்துப் பார்க்கலாம். இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது 13-18 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, முடிவில் 38-29 என ஈரானை வென்றது. அந்த இரவு அஜய் தாக்கூரின் இரவாகவே நினைவில் தங்கிவிட்டது. அவர் பாடிப் போய் எடுத்த பன்னிரண்டு புள்ளிகளை மறுப்பதற்கில்லை. ஆனால் அரைமணியில் ஒரு பெரிய அணி கைமீறிப் போனது எதனால்? ஏறி வந்த ஈரானியர்கள் திரும்பிப் போகாததும் அதற்குச் சரிபாதிக் காரணம். அந்த அணியில் நாற்பத்தொரு வயதில் சேரலாதனும் இருந்தார் என்பது கபடிப் பித்தர்களுக்கு மட்டுமே நினைவிருக்கும் செய்தி.

பிடி என்பது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் அகலக் களத்தில் ஏழு பேர் வில்போல் வளைந்து நிற்கிறார்கள். இரு முனைகளிலும் கார்னர், அவர்களுக்கு அடுத்து இன், பிறகு கவர், நடுவில் ஒருவர். ஏறி வருபவர் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டும் நொடியில்தான் மூலையில் நிற்பவர் கணுக்காலுக்குப் பாய வேண்டும். அரை நொடி முந்தினால் அவர் துள்ளித் தாண்டிவிடுவார். அரை நொடி பிந்தினால் கால் போய்விடும். மூலையில் நிற்பவர் பாய்ந்துவிட்டார் என்று தெரிந்ததும், கவரில் நிற்பவர் குறுக்கே புகுந்து நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைக்க வேண்டும். அவர் தயங்கினால் முன்னவரின் பாய்ச்சல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வீண். ஆகவே பழக வேண்டியது பாய்வதைவிடவும் பாயாமல் இருப்பது. பக்கத்தில் இருப்பவரின் உள்ளங்கை இறுகுவதை வைத்தே அவர் என்ன செய்யப் போகிறார் என்று அறிவது. கண்ணால் பார்த்துச் செயல்படுவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

இத்தனை பேர் கூடிச் செய்த பிடிக்குக் கிடைப்பது ஒரே புள்ளி. பாடிப் போனவர் மூவரைத் தொட்டுத் திரும்பினால் மூன்று புள்ளி. அந்த ஒற்றைப் புள்ளியும் பட்டியலில் முதலில் பிடித்தவர் பெயரில் ஏறும். வழியை அடைத்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. புரோ கபடியில் பாடிப் போவோருக்குச் சாதனை என்பது ஓர் ஆட்டத்தில் பத்துப் புள்ளி, பிடிப்போருக்கு ஐந்து. லீக்கின் வரலாற்றில் பர்தீப் நர்வால் தொட்டெடுத்தவை 1,800 புள்ளிகளுக்கும் மேல். பிடிப்போரில் தலைசிறந்தவரான ஈரானின் ஃபசல் அத்ராச்சலி ஐந்நூறைத் தாண்டியதே கொண்டாடப்பட்டது. கணக்கு முறையே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

இந்தச் சாய்வு வெறும் கணக்குப் பிழையன்று. மதுரையைச் சுற்றிய சமவெளியில் பிடிப்பதற்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் பரிசு பெறுபவன் மாட்டைப் பிடித்தவனே. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவியவனின் தோளைப் பாடுகிறது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு. திமிலைப் பற்றுபவன் ஒருவனாக இருக்க வேண்டும். இருவர் தொங்கினால் அது பிடியன்று. நமக்குப் பிடிப்பதில் இளக்காரம் இல்லை. பலர் கூடி ஒருவரைப் பிடிப்பதில்தான் மனம் ஒப்பவில்லை. பாரதத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகத் தெரிந்து, திரும்பி வரத் தெரியாத அபிமன்யு நம் எல்லோருக்கும் பிள்ளை. அவனைச் சூழ்ந்துகொண்டவர்கள் பழிகாரர்கள். அந்த வியூகத்தை வகுத்தவரும் ஓர் ஆசிரியர்தான் என்பதை எந்தக் கூத்திலும் பெருமையாகச் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு தரும் விருது அந்தத் துரோணர் பெயரில்தான் இருக்கிறது.

இலக்கணத்திலும் இதே கதைதான். தொல்காப்பியர் புறத்திணைகளை ஏழாக வகுத்தபோது, மதிலை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்று திணைப்பெயர் கொடுத்தார். மதிலைக் காப்பதற்குத் தனித் திணை இல்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். ஆநிரையை மீட்கும் கரந்தையும் அவ்வாறே வெட்சிக்குள் ஒடுங்கியது. நெடுங்காலம் கழித்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார்தாம் நொச்சியையும் கரந்தையையும் தனித் திணைகளாக நிறுத்தினார். இதை வகைப்பாட்டுச் சிக்கலாக மட்டுமே நாம் வகுப்பில் நடத்திவிட்டுப் போகிறோம். காப்பவனுக்கு ஒரு பூ வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது என்று அதைப் படிக்கலாம் அல்லவா? திரைப்படம் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. கில்லி (2004), வெண்ணிலா கபடிக்குழு (2009), அண்மையில் வந்த பைசன் (2025) என எதை எடுத்தாலும் கதாநாயகன் பாடிப் போகிறவனே.

'ஏழு பேர் ஒருவனை அமுக்குவதில் என்ன வீரம்?' என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஏறி வருபவர் தோற்றால் அவர் அணிக்கு நஷ்டம் ஓர் ஆள். எழுவரும் மொத்தமாகப் பாய்ந்து தவறவிட்டால், தொட்டவர் அத்தனை பேரும் வெளியே. எண்ணிக்கை அவர்கள் பக்கம், ஆபத்தும் அவர்கள் பக்கமே.

சந்தை இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டுவிட்டது. 2023 ஏலத்தில் பாடிப் போகிறவரான பவன் ஷெராவத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் 2 கோடியே 60 இலட்சம் கொடுத்தது உண்மை. அதே ஏலத்தில் அவருக்கு அடுத்த இடம், பிடியில் வல்ல ஈரானியரான முகமத்ரேசா ஷாட்லூவுக்கு: 2 கோடியே 35 இலட்சம். ஃபசலுக்கு ஒரு கோடியே 60 இலட்சம். ஏலத்தில் வராதவர் பயிற்சியாளர் மட்டுமே. 2024இல் தமிழ் தலைவாஸ் அணி உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும், சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் அமர்த்தியபோது, நம் ஆள் ஒருவருக்கு இப்படியொரு பதவியா என்று மகிழ்ந்தோம். அந்தப் பருவத்தில் அணி முதல் ஆறு இடங்களுக்குள் வரவில்லை. 2025 பருவத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக சஞ்சீவ் பாலியான் வந்தார். இருபது ஆண்டு அறிவை மாற்றிக் கொடுக்க ஒரு பருவம் போதும் என்று நினைப்பவர்களுக்கு அந்த அறிவின் இயல்பு தெரியாது என்பது எம் கருத்து. பென் மாநிலத்தில் ஒருவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் கொடுத்தார்கள்.

இந்த அறிவை மதிக்காத நாடு அதை இழக்கவும் செய்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய மகளிரை 27-24 என வென்று தங்கம் பெற்ற ஈரான் அணியின் பயிற்சியாளர் ஷைலஜா ஜெயின், நாசிக்கைச் சேர்ந்த இந்தியப் பெண்மணி. எதிரணிக்குப் போய் வென்ற பிறகே அவர் பெயர் நம் நாளிதழ்களில் பரவலாக அச்சேறியது.

கல்லூரி அளவில் இதற்கு ஒரு விளைவு உண்டு. காவல்துறையிலோ இரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும் மாணவனுக்குச் சான்றிதழே சோறு. எந்த அணி, எந்தப் போட்டி என்பதை அது சொல்லும். முனையில் நின்று நான்கு ஆண்டுகள் பக்கத்து ஆளின் கையைப் பற்றிக்கொண்டிருந்தவன் என்ன செய்தான் என்பதைச் சொல்வதற்கு அதில் இடமில்லை. தேர்வாளரின் கண்ணுக்கும் பாடிப் போகிறவனே முதலில் படுகிறான். எம் மாணவர்களில் நன்றாகப் பிடிக்கக்கூடிய சிலர், மூன்றாம் ஆண்டில் பாடிப் போகப் பழகத் தொடங்குவதைக் கவனித்திருக்கிறோம். காரணம் கேட்டால் சிரிப்பார்கள்.

பல்கலைக்கழகங்கள் வட்டார அளவிலேனும், நான்கைந்து கல்லூரிகளுக்கு ஒருவராகப் பிடிக்கென்று பயிற்சியாளரை அமர்த்தலாம். சேரலாதனைப் போல் ஆடி முடித்தவர்கள் சிறிய அளவில் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறார்கள். பட்டயம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது.

தமிழ்த் துறைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதி செய்து காட்டினார். உசிலம்பட்டியிலிருந்து திருமங்கலம் வரை, வாடிப்பட்டியிலிருந்து மேலூர் வரை, கோட்டுக்கு வெளியே குத்தவைத்திருக்கும் அந்தப் பெரியவர்களின் வாயில் இருக்கும் சொற்களை யார் தொகுத்தார்கள்? ஒவ்வொரு பிடிக்கும் பெயர் இருக்கிறது. கால் மாற்றி நிற்பதற்கு, கை விடுவதற்கு, பொய்யாகப் பின்வாங்குவதற்கு எல்லாம் ஊருக்கு ஊர் சொல் இருக்கிறது. தொலைக்காட்சியின் ஆங்கிலச் சொற்களில் வளரும் பையன்கள் அவற்றைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். முதுகலை மாணவர் இருவரும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். தை மாதத்தில் போனால் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் கேட்டுவிட வேண்டும், தொடங்கிவிட்டால் நம்மை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.