நாற்பதாம் இடமும் மாடக்குளத்துத் தண்ணீரும்

இந்த வாரம் பத்திக்காரருக்கு வந்த கோபத்துக்கு ஓர் எண் இருக்கிறது: 40. மத்திய அரசின் தூய்மை நகரக் கணக்கெடுப்பான ஸ்வச் சர்வேக்ஷண் 2024-25 முடிவுகள் 2025 ஜூலை 17 அன்று டெல்லியில் வெளியாயின. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம். சென்னைக்கு 38. 'நாற்பதும் நமதே' என்று தேர்தல்தோறும் சுவரில் எழுதியவர்கள், அது இப்படிப் பலிக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பழங்காநத்தம் ரவுண்டானா டீக்கடையில் இதைப் பற்றி இரண்டு கட்சி. கணக்கெடுப்பே கோளாறு, கேட்ட காகிதத்தை அனுப்பியிருந்தால் இடம் ஏறியிருக்கும் என்பது ஒரு கட்சி. கணக்கெடுக்க வந்தவனுக்கு மூக்கு இருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்பது மற்றது. பத்திக்காரர் இரண்டாவது கட்சி. 2025 மே 31 அன்று அன்றைய முதல்வர் வரும் வழியில் இருந்த பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்த ஊர் இது. சாக்கடையைச் சுத்தம் செய்வதைவிடத் திரை வாங்குவது சல்லிசு என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த வாரப் பத்தி அவனியாபுரம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து காற்று வீசும் நாளில் அங்கே எரிகிற குப்பை என்ன செய்யும் என்பதில் தொடங்கி, மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் வீட்டு வாசலில் பிரிந்து, வண்டி ஏறியதும் ஏன் ஒன்று சேர்ந்துவிடுகின்றன என்பதுவரை குறிப்பெல்லாம் தயார். டீ மாஸ்டர்தான் கெடுத்தார். "குப்பையை விடுங்கண்ணே. இந்த ஏரியா பூராம் வயக்காடு. மாடக்குளத்துத் தண்ணி பாஞ்ச இடம். தண்ணியே போயிருச்சு, குப்பை எம்மாத்திரம்?"

அதோடு வெள்ளைக்கல் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது.

மாடக்குளம் கண்மாயைப் பற்றி ஒரு செய்தியைப் பத்திக்காரர் முன்பே இங்கே எழுதியிருக்கிறார். சலித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை கேட்கலாம். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில் அரசன் ஆணை பிறப்பிக்கும் இடம் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று வருகிறது. மதுரை மாநகரம், மீனாட்சி குடியிருக்கும் ஊர், பாண்டியன் அரண்மனை இருந்த தலைநகரம். அதற்கு முகவரி ஒரு கண்மாய். இன்றைக்கு மாடக்குளம் எங்கே என்று கேட்டால் மதுரைக்குப் பக்கத்தில் என்கிறோம். அன்றைக்கு மதுரை எங்கே என்று கேட்டவனுக்கு மாடக்குளத்துக்குக் கீழே என்று பதில். பழங்காநத்தத்துக்காரர்கள் வீட்டுக் கதவில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கண்மாய் என்பது ஒரு பள்ளத்தில் மழை தேங்குவது அல்ல. வைகையில் வெள்ளம் வந்தால் நிலையூர் கால்வாய் அதைப் பிரித்து மேற்கிலும் தெற்கிலும் இருக்கிற கண்மாய்களுக்குக் கொண்டுவரும். மாடக்குளம் அந்த வரிசையில் ஒன்று. கண்மாய்க்குக் கரை உண்டு. வயலுக்குத் தண்ணீர் விட மடை உண்டு. நிரம்பியதும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகக் கலுங்கு உண்டு. எந்த மடையை எப்போது எவ்வளவு திறப்பது என்று பார்க்க நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள். அவருக்குக் கூலி களத்து நெல். கோடையில் வண்டல் அள்ளி வயலில் போடுவார்கள். பக்கத்து விளாச்சேரியில் கொலுப் பொம்மையும் கிறிஸ்துமஸ் குடிலும் செய்கிறவர்களுக்குக் களிமண் தந்ததும் இந்தச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள்தான். வண்டலை அள்ளினால் வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். இதற்கு எந்தத் துறையும் ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை.

இந்த மராமத்து ஊராரின் கூட்டு வேலை, பெயர் குடிமராமத்து. அதற்கு வராதவனை விடவும் மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இதற்கென்றே சட்டம் வந்தது. 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம்: கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் மண்வெட்டியோடு வர வேண்டும், குடிமராமத்துக்கு வராதவர் தன் வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

இங்கே நெல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். வராமல் எப்படி? வழக்கமான வாசகர்கள் கண்ணை உருட்டுவது பத்திக்காரருக்குத் தெரிகிறது. ஆனாலும் 1868-இல் வெளியான ஜே.எச். நெல்சனின் மதுரை மாவட்டக் கையேட்டைப்போல இந்த மண்ணை ஆசையோடு எழுதிய அரசாங்கப் புத்தகம் இன்னொன்று இல்லை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்தது 1895-இல். நெல்சன் எழுதியது அதற்கு 27 ஆண்டுகள் முன்பு, ஊரே வைகையையும் கண்மாயையும் வானத்தையும் மட்டும் நம்பியிருந்த காலத்தில். இன்றைய திண்டுக்கல், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம் எல்லாம் அன்றைய மதுரை மாவட்டத்துக்குள் அடக்கம். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் பெயர்போன அந்தப் பெரும் நிலத்தை ஒரு மனிதர் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்தார்.

நெல்சனைப் பத்திக்காரருக்குப் பிடிக்க இன்னொரு காரணம் அவருடைய சண்டைக்குணம். 1877-இல் அவர் எழுதிய இந்துச் சட்டம் பற்றிய புத்தகம், சென்னை உயர்நீதிமன்றம் தமிழர்களின் சொந்த வழக்கங்களைக் கண்டுகொள்ளாமல் சமஸ்கிருதச் சாத்திரங்களை அவர்கள் தலையில் கட்டுகிறது என்று நேருக்கு நேர் சாடியது. தானே அரசாங்க ஊழியர், ஆனாலும் விடவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ் 1882-இல் மறுப்பாகத் தனிப் புத்தகமே போட வேண்டியதாயிற்று. அந்த நெல்சன் இன்று திரும்பி வந்தால் அவரை முதலில் உலகனேரிக்கு அழைத்துப் போக வேண்டும். 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில் நிற்கிறது. கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிப்பதும் அங்கேதான். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் முக்கியமான தீர்ப்புத் தந்ததும் இதே உயர்நீதிமன்றம்தான். நெல்சன் இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார்.

தல்லாகுளத்துக் கதையும் அதுவே. கண்மாய் இருந்த பரப்பில் இப்போது அரசுக் கட்டடங்கள். அரசே குடியேறிய பிறகு குடிசை போட்டவனை மட்டும் ஆக்கிரமிப்பாளன் என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

மாடக்குளத்துக்கு அந்தக் கதி வரவில்லை, கண்மாய் இருக்கிறது. போனது அதற்குக் கீழே இருந்த வயல். ஆயக்கட்டின் பெரும்பகுதி நகர்களாகவும் காலனிகளாகவும் மாறிவிட்டது. இதில் எல்லோரும் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. வயல் போனபோது வெறும் நெல் போகவில்லை, கண்மாய்க்குக் காவல் போயிற்று. வரத்துக் கால்வாயில் எவனாவது குப்பை கொட்டினால் அன்று சண்டைக்கு நூறு பேர் இருந்தார்கள், ஏனென்றால் அடைத்தது அவர்கள் சோறு. இன்று கால்வாய் அடைத்தால் யாருக்கு நஷ்டம்? மாடியில் இருப்பவருக்குத் தெரியாது. மழை பெய்தால் மட்டும் தெரியும். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிறைந்து தெருக்களுக்குள் புகுந்தபோது, தண்ணீர் தான் போக வேண்டிய வழியைத்தான் தேடியது. அந்த வழியில் வீடுகள் இருந்தன.

அதே சமயம் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தேனி மாவட்டம் லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாய். சுமார் 150 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,300 கோடி ரூபாய்த் திட்டம். வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஊர் பெருத்துவிட்டது. ஆனால் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க வைகை அணையில் தெர்மகோல் மிதக்கவிட்ட 2017-ஐ நினைத்துச் சிரிக்கிற நாம், தெருமுனைக் கண்மாய் நிறைய வேண்டிய கால்வாயில் மெத்தையும் சோபாவும் மிதப்பதைப் பார்த்துக்கொண்டு குழாயை நம்பியிருக்கிறோம்.

வயல் போனதால் பழங்காநத்தத்தில் ஆயக்கட்டுதாரர் இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ஆழ்குழாய்க் கிணறு போட்டிருக்கிற ஒவ்வொரு வீடும் ஆயக்கட்டுதான். கண்மாய் நிறைந்த வருடம் மோட்டாரில் தண்ணீர் ஏறுகிறது, வறண்ட வருடம் லாரிக்குப் போன் போகிறது. அந்த வீட்டுக்காரர் மாடக்குளத்துத் தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறார், மடை வழியாக அல்ல, மண் வழியாக. ஆனால் தமிழ்நாடு விவசாயிகளின் நீர்ப்பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம், 2000, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஆயக்கட்டில் நிலம் உள்ள விவசாயிக்கே இடம் தருகிறது. வயலே இல்லாத நகரக் கண்மாய்க்கு அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை. கண்மாய் ஒரு துறைக்கு, சுற்றியுள்ள தெரு இன்னொரு துறைக்கு, சாக்கடை இருவருக்கும் இல்லை.

குப்பைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்கள். அதற்குள் பழங்காநத்தம், மாடக்குளம், டி.வி.எஸ். நகர்க்காரர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. மாநகராட்சியின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மாடக்குளத்துக்கு வரும் கால்வாயின் சர்வே எல்லையை அளந்து கல் நடச் சொல்லுங்கள், அதன் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களைக் கொண்ட கண்மாய்ச் சங்கம் வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் என்ன நடந்தது என்று பத்திக்காரருக்கு ஒரு வரி எழுதினால் இதே இடத்தில் அச்சாகும். வெள்ளைக்கல் இன்னொரு வாரம் காத்திருக்கும்.