ஏத்தி வெச்சுட்டா போதுமா?

"எல்லாம் ஆன்லைன்லயே இருக்கே, பாத்துக்குங்க!" இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நம்ம நெல்லிக்குப்பத்துல தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர். அவருக்கு நெய்வேலிப் பக்கம் கொஞ்சம் நிலம். "சுரங்கத்துக்கு எடுக்கிற லிஸ்ட்டுல நம்ம சர்வே நம்பர் இருக்கான்னு பாரு தம்பி"ன்னு வந்தார்.

முதல்ல பட்டா பாத்தோம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு... கொடுத்ததும் தமிழ்லயே வந்துருச்சு. வில்லங்கமும் அப்படித்தான். குறை சொல்லமாட்டேன்.

நிலம் யாருதுன்னு சொல்ற காகிதம் அஞ்சு நிமிஷம். அதை எடுக்கப்போறோம்னு சொல்ற காகிதம்? ராத்திரி பதினொண்ணு ஆச்சு! கோப்புக்குப் பேரே கிடையாது, வெறும் நம்பர். தேடினா "இல்லை"ன்னுச்சு. சந்தேகப்பட்டு ஒவ்வொரு பக்கமா கண்ணால பாத்தா, அவர் புல எண் இருக்கு! தாளை ஸ்கேன் பண்ணின வெறும் படம் அது. அதுல எப்படிங்க தேட முடியும்? கம்ப்யூட்டரை நம்பி "ஒண்ணுமில்ல, போய்த் தூங்குங்க"ன்னு சொல்லியிருந்தா, ஆட்சேபணை சொல்ற கெடுவே போயிருக்கும்.

சில கோப்புல எழுத்தாவே இருக்கும், ஆனா பழைய எழுத்துரு. யூனிகோடுல தேடினா சிக்காது. தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-ல!

"அத்தனையும் தட்டச்சு பண்ண ஆள் எங்க?"ன்னு கேப்பாங்க. அய்யா, அந்தத் தாளே கம்ப்யூட்டர்ல அடிச்சதுதானே? அடிச்சு, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி ஏத்துறீங்க. அடிச்ச கோப்பையும் கூடவே போட்டா என்ன குறைஞ்சுடும்?

இது சலுகை இல்லீங்க, சட்டம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவு, கேக்காமலேயே தகவலை வெளியிடணும், மக்களுக்கு எளிதா கிடைக்கிற மாதிரி இருக்கணும், உள்ளூர் மொழியை மனசுல வெச்சு செய்யணும்னு சொல்லுது. 2020-ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் மட்டும் போட்டாங்க. 22 மொழியிலயும் போடுங்கன்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மத்திய அரசு என்ன பண்ணுச்சு? அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு!

ஏத்துறது வேற, வெளியிடுறது வேற. தேடி எடுக்க முடியாத தாள் பீரோவுல இருந்தா என்ன, இணையத்துல இருந்தா என்ன?

டிஸ்கி: தேடுபெட்டி "இல்லை"ன்னா நம்பாதீங்க. கிராமத்தோட வருவாய்த்துறைப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு, பக்கம் பக்கமா பாருங்க. அப்பவும் கிடைக்கலன்னா பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்க.