பத்து வயசுக்குப் பொதுத்தேர்வு

2019 செப்டம்பரில் அரசாணை வந்தது: அஞ்சாம், எட்டாம் வகுப்புக்கும் மாநிலப் பொதுத்தேர்வு. பள்ளிகளில் தேர்வு மையம், வினாத்தாள், பெயர்ப் பட்டியல் என்று ஒரே தயாரிப்பு. இலத்தூர் மாதிரி ஊர்களில் சேரிப் பிள்ளையை யார் தயாரித்தது? அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர், நாத்து நடப் போன அம்மா, ட்யூசனுக்குக் காசில்லாத வீடு. இதை எந்தச் சுற்றறிக்கையும் கேட்கவில்லை.

மூணு வருசத்துக்கு யாரையும் பெயிலாக்க மாட்டோம் என்றார்கள். நாலாம் வருசம்? அப்பன் நிற்கிற வயலுக்குத்தான். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தில் பாதியைப் பிடுங்கினார். இது முழுசையும் கேட்டது. எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரி 4இல் வாபஸ் ஆனது.

2024 டிசம்பரில் மத்திய அரசு அதே வகுப்புகளில் பெயிலாக்க விதியைத் திருத்தியது. தமிழ்நாடு மறுத்தது, சரி. ஆனா ஆணையை இன்னொரு ஆணையால மாத்திடலாம், பேங்க் குமாஸ்தாவுக்குத் தெரியாதா? பெயில் கிடையாது என்பதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேளுங்க, தோழர்களே.