தூங்குமூஞ்சியும் சோதனை எலியும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு தினமும் ஓடுற சாதாரண ஆள்.

மக்களே, எங்க தெருவுல ஒரு பையன். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தூங்கிடுவான். வாய்விட்டுச் சிரிச்சா முழங்கால் மடங்கிடும். பல வருஷம் தூங்குமூஞ்சி, சோம்பேறின்னு திட்டு வாங்கினப்புறம்தான் அது நார்கோலெப்சிங்கிற நோய்னு தெரிஞ்சுது. இதுக்குப் புது மருந்து சோதிக்கிறாங்கன்னு சொன்னா, நண்பர் ஒருத்தர் குதிக்கிறார்: "மனுஷன எலியாக்குறாங்க. மொத்தமா தடை பண்ணணும்!"

அவர் கோபத்துல நியாயம் இருக்கு. 2009ல அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துல கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தப்போ, பல பழங்குடிப் பிள்ளைகளுக்கு பெத்தவங்களுக்குப் பதிலா விடுதி வார்டன் கையெழுத்துப் போட்டார். அது அயோக்கியத்தனம். ஆனா அதுக்காக தடையா?

இந்த நோயோட முதல் வகையில, மூளையில ஓரெக்சின் சுரக்கிற செல்கள் அழிஞ்சிடுது. அந்த ஓரெக்சின் வேலையைச் செய்ய டாக்-994னு ஒரு மாத்திரை வந்துச்சு. தூக்கத்தை நல்லாவே விரட்டுச்சு. ஆனா 73 பேர் சேர்ந்த சோதனையில 5 பேருக்குக் கல்லீரல் என்சைம் எகிறிடுச்சு. 2021ல பாதியிலேயே நிறுத்திட்டாங்க. தோத்த கதையை 2023ல மருத்துவ இதழ்லயும் போட்டாங்க.

இப்ப யோசிங்க. சோதிக்காமலே கடைக்கு வந்திருந்தா, எங்க தெருப் பையன்தான் முதல் ஆளா வாங்கி முழுங்கியிருப்பான். அப்பதான் சார் அவன் எலி. கணக்கு எழுதக்கூட ஆளில்லாத எலி! அந்தத் தோல்வியில பாடம் படிச்சு வந்த ஓவெபோரெக்ஸ்டான், 2025ல மூணாம் கட்ட சோதனையில ஜெயிச்சிருக்கு.

நம்ம ஊர்க் கதை வேணுமா? 1956ல சென்னையில 193 காசநோயாளிகளைப் பிரிச்சு, ஒரு பாதிக்கு வீட்டிலும் மறு பாதிக்கு சானடோரியத்திலும் மருந்து குடுத்தாங்க. வீட்டு வைத்தியமே போதும்னு நிரூபிச்சாங்க. உலகமே பின்னாடி வந்துச்சு. அவங்களையும் எலின்னு சொல்வீங்களா?

தடை கேக்காதீங்க, கணக்கு கேளுங்க. சோதனையால பாதிக்கப்பட்டா இலவச சிகிச்சை, நஷ்டஈடுன்னு 2019 விதிகள்லயே இருக்கு. ஒழுங்கா குடுக்கிறாங்களான்னு கேளுங்க. ஒப்புதல் படிவம் நம்ம பாட்டிக்கும் புரியுற தமிழ்ல இருக்கான்னு கேளுங்க. தோத்த சோதனையையும் வெளியிடச் சொல்லுங்க.

அவ்ளோதான். சண்டைக்கு வர்றவங்க வரலாம். பையன் முழிச்சதும் அவனையும் கூட்டிட்டு வரேன் :-)