தாகத்திற்கும் ஒரு கணக்கு வேண்டும்

கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. இறைவனுக்கு அடுத்தபடியாக நீரை நினைந்தது நம் மரபு. அம்மரபில் வந்த நாம் இன்று நீருக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி நிற்கின்றோம். மாநிலத்தோடு மாநிலம் மட்டுமன்று, ஊரோடு ஊரும் வழக்காடுகின்றது. நகரின் தாகம் பெரிதா, அந்நகருக்கு நீர் தரும் சிற்றூரின் தாகம் பெரிதா என்பதே பெரும்பாலான வழக்குகளின் உட்பொருள்.

தா.பழூர் வட்டாரத்தார்க்கு இது பிறர் கதையன்று. நமக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகின்றது. அதன் நீர் அணைக்கரையிலுள்ள கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து குழாய் வழியே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னைக்குச் செல்கின்றது. தலைநகர மக்களின் தாகத்தைத் தணிக்க வேண்டா என்று நாம் கூறலாமா? கூறுதல் அறமன்று. மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றை ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கி, அனைவர்க்கும் பொதுவாக்கிய வரலாற்றை நாம் அறிவோம். ஆயினும் அவ்வரலாற்றில் நாம் கருதாது விடும் செய்தி ஒன்றுண்டு. கொடுத்தவரும் மற்றவரோடு ஒருவராக அக்கிணற்றில் நீர் மொண்டார். கொடுத்ததனால் உரிமை இழந்து வறண்டு நிற்கவில்லை.

இந்நீதியைச் சட்டம் எவ்வாறு காண்கின்றது? காவிரி வழக்கினை எடுத்துக்கொள்வோம். 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பெங்களூரு நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்றும், அதன் குடிநீர்த் தேவையில் பாதி நிலத்தடி நீரால் நிறைவேறும் என்றும் அது கணக்கிட்டது. உச்சநீதிமன்றமோ 16.2.2018 அன்று அக்கணக்கை மாற்றிற்று. குடிநீரே முதன்மையானது என்று கூறி, அந்நகருக்காக 4.75 டி.எம்.சி. நீரைக் கூடுதலாக வழங்கிற்று. அத்துடன் தமிழகப் படுகையிலுள்ள நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. அளவைக் கணக்கிற்கொண்டு, நம் பங்கினை மொத்தம் 14.75 டி.எம்.சி. குறைத்தது.

நகரின் தாகத்திற்கு முதலிடம் தந்ததில் குறைகாண நான் முற்படவில்லை. அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறவேண்டிய உரிமை ஒன்று உண்டென்பதே என் கருத்து. நம் பங்கைக் குறைக்கும்போது கணக்கில் வந்த நிலத்தடி நீர், நம்மிடமிருந்து இறைக்கும்போதும் கணக்கில் வரவேண்டாமா? தன் நிலத்தின் கீழுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளர்க்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தருகின்றது. ஓரிடத்தில் ஆழ்துளைக் கிணறிட்டு இறைத்தால் பக்கத்து வயலின் கிணறும் வற்றும் என்னும் உண்மைக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

நீர் தரும் மண்ணின் மக்கள் தம் அச்சத்தை நீதிமன்றத்தில் வைத்ததும் உண்டு. லட்சத்தீவுகளில் நிலத்தடி நன்னீரை எந்திரங்களால் இறைத்து வழங்கும் திட்டம் வந்தபோது, மிகையாக இறைத்தால் உவர்நீர் உட்புகும் என்று தீவினர் கேரள உயர்நீதிமன்றத்தில் முறையிட்டனர். நன்னீர் பெறுதல் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று 1990இல் அம்மன்றம் உரைத்தது. நகரத்தானுக்கு உரிய அவ்வாழ்வுரிமை ஊற்றருகே வாழ்பவனுக்கும் உரியதன்றோ?

எனினும் வழக்கு மட்டுமே வழியாகாது. காவிரி வழக்கு நடுவர் மன்றம் முதல் இறுதித் தீர்ப்பு வரை இருபத்தெட்டு ஆண்டுகள் நடந்தது. வழக்கு காத்திருக்கும், தாகம் காத்திராது. ஆதலின் குழாய் பதிக்கும் முன்னரே உடன்பாடு எழுதப்படல் வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு இறைப்பது, கிணற்று நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தால் நிறுத்துவது, வழியிலுள்ள சிற்றூர்களுக்கு எவ்வளவு தருவது என்பன அதில் இடம்பெறல் வேண்டும். பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறைய வேண்டும் என்பது காவிரித் தீர்ப்பே காட்டிய நெறி. மாநிலங்களுக்குப் பொருந்தும் அந்நெறி நகருக்கும் சிற்றூருக்கும் பொருந்தாதா?

அவ்வுடன்பாடு உழவரும் தாய்மாரும் படித்தறியும் தமிழில் அமைதல் வேண்டும். தமிழ்த்துறை மாணவச் செல்வங்களே, இங்கேதான் உங்கள் கடமை தொடங்குகின்றது. இலக்கியம் கற்ற நீங்கள் தீர்ப்புகளையும் கற்று, எளிய தமிழில் ஊராருக்கு எடுத்துரையுங்கள். மார்ச் 22, உலக நீர் நாளில் கூடும் கிராமசபையில் உங்கள் ஊர்ப் பெரியோருடன் அமர்ந்து, நீர்க்கணக்கைக் கேளுங்கள். கொடுக்க மறுப்பவன் கேட்கும் கணக்கன்று அது; தொடர்ந்து கொடுக்க விரும்புபவன் கேட்கும் கணக்கு.