உயரம் ஒரு குறையா?



எங்க வகுப்புல உயரமான பொண்ணு ஒருத்தி இருக்கா. பிரேயர்ல எப்பவும் வரிசையில கடைசி ஆள் அவதான். "பனைமரம்", "ஒட்டகச்சிவிங்கி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது அவள் தோளைக் குறுக்கிக் குனிந்துதான் நடக்கிறாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கீத்து அன்னா ஜோஸ் என்ற அக்காவைப் பற்றி உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளாவில் பிறந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம்! ஆனால் அவர் குனிந்து நடக்கவில்லை. கூடைப்பந்து ஆடினார். அந்த ஆட்டமே அவருக்குச் சென்னையில் தெற்கு ரயில்வேயில் வேலை வாங்கிக் கொடுத்தது. இந்திய அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். 2006-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா போய் ரிங்வுட் என்ற கிளப்புக்காக ஆடினார். அந்த நாட்டில் கிளப் ஆட்டம் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

2011-இல் அமெரிக்காவில் இருந்தே அழைப்பு வந்தது. அங்கே பெண்களுக்கான பெரிய கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று ஊர் அணிகளும் அவரை ஆடச் சொல்லிப் பார்த்தன. ஆனால் எந்த அணியும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்போ அவங்க தோத்துட்டாங்களா?" என்று கேட்டான் என் தம்பி. நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு முன்னால் நம் நாட்டுப் பெண் யாரும் அந்த வாசல் வரைக்கும் போனதே இல்லையே! திரும்பி வந்தும் ஆட்டத்தை விடவில்லை. 2014-இல் அர்ஜுனா விருது வாங்கினார்.

சரி, நம் கதைக்கு வருவோம். பி.டி. பீரியட் வந்தால் பையன்கள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். நாங்கள் வராண்டாவில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறோம். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. விளையாடச் சொல்லவும் இல்லை. "அடுத்த வருஷம் பத்தாவது, படிக்கிற வழியைப் பாருங்க" என்று வீட்டில் சொல்கிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியட் ஓடி ஆடினால் மார்க் குறைந்துவிடுமா? கீத்து அக்காவுக்கு அந்த ஆட்டம்தானே சோறு போட்டது!

"நம்ம பள்ளியில கூடைப்பந்து கம்பமே இல்லையே" என்பீர்கள். 1891-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது அவரிடமும் கம்பம் இல்லை. பழக்கூடையைத்தான் ஆணி அடித்து மாட்டினார். கூடைக்கு அடிப்பக்கம் இருந்ததால், பந்து விழுந்தால் மேலே ஏறித்தான் எடுக்க வேண்டும்! அடுத்த வருடமே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை ஒரு பெண்கள் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்தார். கூடை மாட்டிய ஒரு வருடத்திலேயே பெண்கள் ஆடிவிட்டார்கள். நாம் இன்னும் வராண்டாவில் இருக்கிறோம்.

உயரம் மட்டும் இருந்தால் போதாது, காலில் பலமும் வேண்டும் என்பார்கள். தினமும் ஜவ்வாது மலையில் இருந்து இறங்கி வந்து, சாயங்காலம் மறுபடி ஏறிப் போகிற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் காலில் இல்லாத பலமா?

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ரொம்பப் பெரிசு இல்லை. வாரத்தில் ஒரு பி.டி. பீரியடில் பந்தும் மைதானமும் பெண்களுக்கு வேண்டும். வேப்பமரத்தில் 10 அடி உயரத்தில் ஒரு தக்காளிக் கூடை கட்டினால் போதும். கூடைப்பந்து வளையத்தின் உயரமும் அதேதான்.

கடைசி வரிசைத் தோழியே, நீ நிமிர்ந்து நட. அந்தக் கூடைக்கு எங்கள் எல்லோரையும்விட நீதான் கிட்ட இருக்கிறாய்.

கூடை நான் கொண்டு வரேன். கயிறு யார் கொண்டு வர்றீங்க?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி